ரப்பரின் நினைவை மூன்றே எண்களில் எழுதுவது: பின்ன வரிசை நுண்கணித மாதிரிக்கு முழுமையான வழிகாட்டி

மலேசியாவில் பத்து மாவுங்கிலிருந்து பத்து காவான் வரை 24 கிலோமீட்டர் நீளும் பினாங்கு இரண்டாம் பாலம் 2014இல் திறக்கப்பட்டது. அதன் தளத்தைத் தாங்குபவை உயர் டேம்பிங் (அதிர்வைத் தணிக்கும்) இயற்கை ரப்பர் பேரிங்குகள். வெயிலில் பாலத்தளம் நீள்வது மணிக்கணக்கில் நடக்கும். லாரி பிரேக் போடுவது ஓரிரு வினாடி. நிலநடுக்கம் வந்தால் வினாடிக்கு அரைச் சுற்று, ஒரு சுற்று என்று ஆட்டும். அத்தனைக்கும் ஈடு கொடுப்பது ஒரே ரப்பர்தான், ஆனால் ஒவ்வொரு வேகத்திலும் அது காட்டும் விறைப்பு வேறு.

இந்த வேறுபாட்டைக் கணினி மாதிரியில் கொண்டுவர, ஸ்பிரிங்கையும் டாஷ்பாட்டையும் (எண்ணெயில் நகரும் பிஸ்டன் போன்ற தணிப்பான்) ஜோடி ஜோடியாக அடுக்குவதே வழக்கமான முறை. பத்து மடங்கு கால வீச்சைச் சீராகச் சமாளிக்க ஏறக்குறைய இரண்டு ஜோடிகள் வேண்டும். ஆறு பத்து மடங்குகள் வேண்டுமென்றால் பத்துப் பன்னிரண்டு ஜோடிகள், இருபதுக்கு மேல் மாறிலிகள். சோதனைத் தரவில் சிறு பிழை இருந்தாலும் அந்த மாறிலிகள் தாறுமாறாகத் தாவும். பின்ன வரிசை வகையீட்டைப் பயன்படுத்தினால் மூன்று மாறிலிகள் போதும். தோட்டங்களில் நம்மவர்கள் தலைமுறைகளாகப் பால்மரம் வெட்டி எடுத்த அந்தப் பொருளுக்கு இவ்வளவு சுருக்கமான கணிதம் இருப்பது பலருக்குத் தெரியாது. நிபோங் திபாலிலோ கோலாலம்பூரிலோ பொறியியல் படிப்பவர்களும், ரப்பர் கம்பவுண்ட் ஆலைகளில் வேலை செய்பவர்களும் தாங்களாகவே செய்து பார்க்கும்படி இதை எழுதுகிறோம்.

அடிப்படை: ஸ்பிரிங்குக்கும் டாஷ்பாட்டுக்கும் நடுவில்

ஸ்பிரிங்கில் தகைவு (பரப்புக்கான விசை) திரிபை (உருமாற்ற விகிதம்) பொறுத்தது. டாஷ்பாட்டில் தகைவு திரிபின் முதல் வகையீட்டைப் பொறுத்தது. திரிபையே பூஜ்ய வரிசை வகையீடு என்று கொண்டால், 0க்கும் 1க்கும் நடுவில் ஏதாவது உண்டா? அரை வகையீடு என்றால் என்ன என்ற கேள்வி 1695இலேயே லைப்னிட்ஸுக்கும் லோபிதாலுக்கும் நடந்த கடிதங்களில் எழுந்தது. பொருள்களின் அறிவியலுக்கு அது வந்து சேர இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் ஆயிற்று. 1921இல் நட்டிங், சில பொருள்களின் ஊர்தல் (மாறாத சுமையில் மெல்ல நீளுவது) காலத்தின் அடுக்காக வளர்வதைக் காட்டினார். ஸ்காட் பிளேர் 1940களில் அதைப் பின்ன வகையீட்டோடு சேர்த்தார். 1983இல் பாக்லியும் டார்விக்கும் பொறியாளர்களுக்கு ஏற்ற வடிவம் கொடுத்தார்கள். இந்த நடுத்தர உறுப்புக்கு ஸ்பிரிங்பாட் என்று பெயர்:

தகைவு = ப × (திரிபின் ஆல்பா வரிசை வகையீடு)

ஆல்பா 0 என்றால் அது ஸ்பிரிங், 1 என்றால் டாஷ்பாட். இங்கே பயன்படுவது கபூட்டோ வகையீடு (1967). பொருள் இதுவரை பட்ட திரிபு வேகங்கள் எல்லாவற்றையும், அப்போதிலிருந்து கடந்த நேரத்தின் ஆல்பா அடுக்கால் வகுத்துத் தொகையிட்டு, காமா சார்பின் மதிப்பான காமா(1−ஆல்பா)ஆல் வகுப்பதே அது. பழைய திரிபுகளின் எடை குறைந்துகொண்டே போகும், ஆனால் ஒருபோதும் முற்றாக மறையாது. ரப்பரும் அப்படித்தான் நடந்துகொள்கிறது.

ஸ்பிரிங்பாட் மட்டும் போதாது. குறுக்குப் பிணைப்பு கொண்ட ரப்பரை எவ்வளவு நேரம் இழுத்து வைத்தாலும் தகைவு பூஜ்யத்துக்கு இறங்காது. ஆகவே பக்கத்தில் ஒரு ஸ்பிரிங்கைச் சேர்க்கிறோம். இதுதான் பின்ன கெல்வின்–வாய்ட் மாதிரி. ஸ்பிரிங்கின் மாடுலஸ் (விறைப்பின் அளவு) ம, ஸ்பிரிங்பாட்டின் மாறிலி ப, வரிசை ஆல்பா என்று மூன்றே எண்கள். ஒமேகா என்ற கோண அதிர்வெண்ணில் சைன் அலையாக ஆட்டும்போது, ரப்பர் சேமித்துத் திருப்பித் தரும் பங்கும் வெப்பமாக இழக்கும் பங்கும் இவை:

சேமிப்பு மாடுலஸ் = ம + ப × ஒமேகா^ஆல்பா × கோசைன்(90° × ஆல்பா)
இழப்பு மாடுலஸ் = ப × ஒமேகா^ஆல்பா × சைன்(90° × ஆல்பா)

இழப்பு மாடுலஸில் ம இல்லை என்பதைக் கவனியுங்கள். இந்த வழிகாட்டியின் பாதி வேலை அதை வைத்துத்தான் நடக்கிறது.

படி 1: மாதிரித் துண்டு

எஸ்எம்ஆர் சிவி60 என்ற மலேசிய இயற்கை ரப்பர் ரகத்தை எடுங்கள். அதன் மூனி பிசுக்குமை 60ஐ ஒட்டி நிலைநிறுத்தப்பட்டிருப்பதால், ஒரு கலவைக்கும் அடுத்த கலவைக்கும் வேறுபாடு குறைவு. கார்பன் பிளாக் (வலுவூட்டும் கரித்தூள்) எவ்வளவு போடுகிறீர்கள் என்பதைக் கட்டாயம் குறித்து வையுங்கள். நூறு பங்கு ரப்பருக்கு 50 பங்கு என்பது கற்றுக்கொள்ள நல்ல அளவு. பிளாக்கே இல்லாத கம்பவுண்டில் இழப்பு மிகக் குறைவு, கருவியின் பிழையே மேலோங்கிவிடும்.

நறுக்கு விசைச் சோதனைக்கு நான்கு ரப்பர்க் கட்டிகளை இரும்புத் தகடுகளுடன் ஒட்டிய துண்டு நல்லது. ஒவ்வொரு கட்டியும் 25 × 20 மில்லிமீட்டர், தடிப்பு 4 மில்லிமீட்டர். 10 சதவீதத் திரிபுக்கு ஒவ்வொரு கட்டியும் 0.4 மில்லிமீட்டர் நகர வேண்டும்; இரண்டிரண்டு கட்டிகள் தொடராக இருப்பதால் இரு முனைகளையும் மொத்தம் 0.8 மில்லிமீட்டர் விலக்க வேண்டும். வேகவைத்த (வல்கனைஸ் செய்த) பிறகு குறைந்தது 16 மணி நேரம் கழித்தே சோதியுங்கள்.

வெப்பநிலையை விட்டுவிடாதீர்கள். வெப்ப நாடுகளில் 27 டிகிரியைச் சோதனை வெப்பநிலையாகக் கொள்ளத் தரநிலை இடம் தருகிறது. ஆய்வகத்தில் ஏர்கான் இரவில் நிறுத்தப்பட்டால் காலையில் முதல் சில சோதனைகள் 30 டிகிரிக்கு அருகில் நடக்கும், மதியம் 24. அந்த ஆறு டிகிரி வித்தியாசம் பின்னால் ஆல்பாவில் வந்து ஒளிந்துகொள்ளும். துண்டும் பிடிப்பானும் குறைந்தது ஒரு மணி நேரம் ஒரே வெப்பநிலையில் இருக்கட்டும்.

படி 2: சோதனை

முதலில் மல்லின்ஸ் மென்மையாதலைத் தீர்த்துவிட வேண்டும். பிளாக் கலந்த ரப்பரை முதல் தடவை இழுக்கும்போது இருக்கும் விறைப்பு அடுத்த தடவை இருக்காது. நீங்கள் பயன்படுத்தப்போகும் மிகப் பெரிய திரிபுக்கு ஐந்தாறு தடவை ஆட்டி, பிறகு சற்று நேரம் ஓய்வு கொடுங்கள்.

அடுத்து, திரிபின் வீச்சை மாற்றாமல் 0.01 முதல் 30 ஹெர்ட்ஸ் வரை ஆட்டுங்கள், ஒவ்வொரு பத்து மடங்குக்கும் ஐந்து புள்ளிகள். 0.01 ஹெர்ட்ஸில் ஒரு சுற்றுக்கு 100 வினாடி ஆகும், பொறுமை வேண்டும். வீச்சு மாறாமல் இருப்பது மிக முக்கியம். பெய்ன் விளைவினால் பிளாக் கலந்த ரப்பரின் மாடுலஸ் 0.1 சதவீதத் திரிபிலிருந்து 10 சதவீதம் வரை வெகுவாக இறங்கும். வேகம் கூடும்போது கருவியின் வீச்சு குறைந்துவிட்டால், வீச்சினால் வந்த விறைப்பை அதிர்வெண்ணால் வந்தது என்று நம்பிவிடுவீர்கள். கருவி திரையில் காட்டும் வீச்சை நம்பாமல், பதிவான இடப்பெயர்ச்சியைப் பாருங்கள்.

முடிக்கும்போது 1 ஹெர்ட்ஸ் புள்ளியைத் திரும்ப எடுங்கள். தொடக்கத்தில் எடுத்ததோடு 3 சதவீதத்துக்கு மேல் வேறுபட்டால், துண்டு சூடாகிவிட்டது அல்லது உள் அமைப்பு மாறிவிட்டது. அந்தத் தொகுப்பை ஒதுக்கிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

தனியாக ஒரு தளர்வுச் சோதனையும் வேண்டும். அதே 10 சதவீதத்துக்கு 0.1 வினாடியில் இழுத்து, 1000 வினாடி பிடித்து வையுங்கள். இழுக்க எடுத்த நேரத்தின் பத்து மடங்கு வரையிலான தரவை விட்டுவிடுங்கள், அதாவது 1 வினாடியிலிருந்துதான் கணக்கு. பதிவு லாக் இடைவெளியில் இருக்கட்டும். சம இடைவெளியில் பதிந்தால் கடைசிப் பத்து மடங்கின் புள்ளிகளே எண்ணிக்கையில் மற்றதை மூழ்கடித்துவிடும்.

படி 3: பொருத்துவதற்கு முன் பார்க்க வேண்டியது

இந்தப் படியைத் தாண்டி ஓடுபவர்களே அதிகம். மென்பொருளில் தரவைக் கொட்டினால் ஏதாவது ஒரு ஆல்பா வரும், வளைகோடும் அழகாகப் போகும். அந்த எண் பொருளைப் பற்றி எதையும் சொல்லாமலும் இருக்கலாம்.

முதல் பார்வை: பொருள் நேரியலாக நடந்துகொள்கிறதா? நேரியல் பொருளில் சேமிப்பும் இழப்பும் ஒன்றையொன்று கட்டுப்படுத்தும். ஏதாவது ஓர் அதிர்வெண்ணை நடுவில் வைத்து, பத்து மடங்கு வீச்சில் சேமிப்பு மாடுலஸ் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். அந்த ஏற்றத்தை 0.68ஆல் பெருக்கினால் இழப்பு மாடுலஸ் ஏறக்குறைய வர வேண்டும். 10, 15 சதவீதம் தள்ளி இருந்தால் பரவாயில்லை. அளந்த இழப்பு அதைப்போல் இரண்டு மடங்கு இருந்தால் நிறுத்திவிடுங்கள். மிகுதி இழப்பு வேகத்தைப் பொறுத்ததல்ல. பிளாக் துகள் வலைப்பின்னல் உடைந்து சேர்வதாலோ பிடிப்பானில் உள்ள உராய்வாலோ வருவது. எந்த நேரியல் பின்ன மாதிரியும் அதைத் தராது. திரிபு வீச்சைக் குறைத்து மறுபடி சோதியுங்கள், அல்லது வேகம் சாராத உராய்வு உறுப்பு ஒன்றை இணையாகச் சேருங்கள்.

இரண்டாம் பார்வைக்கு இரண்டு வரைபடங்கள். ஒன்று, இழப்பு மாடுலஸை அதிர்வெண்ணுக்கு எதிராக லாக்–லாக் தாளில் வரைவது. நேர்கோடு வந்தால் அதன் சாய்வே ஆல்பா. மற்றொன்று, சேமிப்பு மாடுலஸை நெடுக்கிலும் இழப்பு மாடுலஸைக் கிடையிலும் சாதாரணத் தாளில் வரைவது. இதுவும் நேர்கோடாக வர வேண்டும். அது நெடுக்கச்சை வெட்டும் இடம் ம. அதன் சாய்வு 1 ÷ டான்(90° × ஆல்பா). முதல் கோட்டில் ஆல்பா வருவது வேகத்திலிருந்து, இரண்டாவதில் கட்டக் கோணத்திலிருந்து (தகைவும் திரிபும் விலகி நிற்கும் கோணம்). இரண்டும் 0.02க்குள் ஒத்துப்போனால் மேலே போகலாம்.

கணக்குப் பழக்கத்துக்கு ம = 0.6 மெகாபாஸ்கல், ப = 0.2, ஆல்பா = 0.3 என்று எடுத்துக்கொள்வோம். ஒமேகா 1இல் சேமிப்பு 0.778, இழப்பு 0.0908. ஒமேகா 100இல் சேமிப்பு 1.309, இழப்பு 0.3615. இழப்பு 3.98 மடங்காகிறது, அதன் லாக் 0.6, இரண்டு பத்து மடங்குகளால் வகுத்தால் 0.3. இரண்டாவது கோட்டின் சாய்வு 0.531 ÷ 0.271 = 1.96. 1 ÷ 1.96க்கு உரிய கோணம் 27°, அதை 90ஆல் வகுத்தால் மறுபடி 0.3. கோடு 0.6இல் அச்சை வெட்டும். உங்கள் விரிதாளில் இந்த எண்கள் வருகின்றனவா என்று முதலில் பார்த்துவிட்டு, பிறகு சொந்தத் தரவைப் போடுங்கள்.

இரண்டாவது வரைபடம் உயர் அதிர்வெண் பக்கம் மேலே வளைந்தால், கண்ணாடி நிலைக்கு (ரப்பர் கண்ணாடி போல விறைக்கும் நிலை) அருகே போகிறீர்கள் என்று பொருள். அப்போது பின்ன ஜீனர் மாதிரிக்கு மாறுங்கள். அதில் நான்கு மாறிலிகள்: நீண்டகால மாடுலஸ், உடனடி மாடுலஸ், ஒரு நேர மாறிலி, ஆல்பா. உடனடி மாடுலஸ் நீண்டகால மாடுலஸைவிடப் பெரியதாக இருக்க வேண்டும். தகைவுப் பக்கத்திலும் திரிபுப் பக்கத்திலும் ஒரே ஆல்பா இருக்க வேண்டும். இதை மீறினால் மாதிரி எங்கோ ஓரிடத்தில் ஆற்றலைத் தானே உண்டாக்கும்.

படி 4: பொருத்துதல்

பைத்தானில் சைப்பை நூலகத்தின் லீஸ்ட் ஸ்கொயர்ஸ் (பிழை வர்க்கங்களைக் குறைக்கும் பொருத்தல்) போதும். ம, ப இரண்டையும் லாக் வடிவில் தேடவிடுங்கள், எதிர்க்குறி வராது. ஆல்பாவுக்கு 0.01 முதல் 0.99 வரை எல்லை கட்டுங்கள். தொடக்க மதிப்புகள் படி 3இன் கோடுகளிலிருந்து வரட்டும். பிழையைச் சதவீதமாகக் கணக்கிடுங்கள். மெகாபாஸ்கலில் கணக்கிட்டால் சேமிப்பு மாடுலஸே எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும், இழப்புக்கு மதிப்பே இருக்காது.

அதிகம் நடக்கும் தவறு அலகில்தான். ஒமேகா என்பது வினாடிக்கு ரேடியன். ஹெர்ட்ஸையே நேராகப் போட்டுவிட்டால் ஆல்பா சரியாக வரும், வளைகோடும் பொருந்தும், ஆனால் ப 1.74 மடங்கு பெரிதாக வரும் (ஆல்பா 0.3 என்றால்). பிறகு காலக் கணக்கில் பேரிங் தேவைக்கு மேல் விறைப்பாக நடந்துகொள்ளும், காரணமும் பிடிபடாது. பவின் அலகு மெகாபாஸ்கல் × வினாடி^ஆல்பா. ஆல்பா வேறான இரண்டு கம்பவுண்டுகளின் ப மதிப்புகளை ஒப்பிடக் கூடாது. ஒப்பிட வேண்டுமென்றால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் மாடுலஸைக் கணக்கிட்டு ஒப்பிடுங்கள்.

இரண்டு பத்து மடங்கு தரவு மட்டும் இருந்தால் மவும் ஆல்பாவும் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துக்கொள்ளும். ம சற்றுக் குறைந்து ஆல்பா குறையும், பொருத்தம் மாறாது. மூன்றரைப் பத்து மடங்கு கேட்டது இதனால்தான்.

படி 5: தளர்வைக் கணித்துப் பார்த்தல்

ஆட்டிய சோதனையில் கிடைத்த மூன்று எண்களை வைத்து, பொருத்தாமல், தளர்வைக் கணியுங்கள்:

தளர்வு மாடுலஸ் = ம + ப × காலம்^(−ஆல்பா) ÷ காமா(1−ஆல்பா)

காமா(0.7) = 1.298. நம் பழக்க எண்களுக்கு 1 வினாடியில் 0.754, 10இல் 0.677, 100இல் 0.639, 1000இல் 0.619 மெகாபாஸ்கல். அளந்த தளர்வு இதற்கு 5 சதவீதத்துக்குள் வந்தால் மாதிரி தேறிவிட்டது. தொடக்கத்தில் ஒத்துப்போய்க் கடைசியில் மேலே நின்றால் ம குறைவாகப் பொருந்தியிருக்கிறது. எல்லா இடத்திலும் ஒரே விகிதத்தில் தள்ளி நின்றால் திரிபு வீச்சு அல்லது வெப்பநிலை இரண்டு சோதனைகளிலும் வேறு.

பின்ன ஜீனருக்கு இங்கே மிட்டாக்–லெஃப்லர் சார்பு (அடுக்குக்குறிச் சார்பின் பொது வடிவம்) வேண்டும். அதன் தொடர் வரிசையை நேராகக் கூட்டாதீர்கள். மாறி மாறி வரும் பெரிய எண்கள் ஒன்றையொன்று அழித்து விடையைக் கெடுக்கும். கர்ராப்பா 2015இல் வெளியிட்ட வழிமுறையைப் பயன்படுத்துங்கள். ஆல்பா 0.5, உள்ளீடு −1 என்றால் விடை 0.4276. இதைத் தராத நிரலை நம்பாதீர்கள்.

படி 6: காலப் போக்கில் கணக்கிடுதல்

நிலநடுக்கப் பதிவு போன்ற எந்தத் திரிபு வரலாற்றுக்கும், பின்ன வகையீட்டைப் படிப்படியாகக் கூட்டும் எல்1 முறை எளிது. கால இடைவெளி சமமாக இருக்கட்டும், அதைப் படிநீளம் என்போம்:

வகையீடு = படிநீளம்^(−ஆல்பா) ÷ காமா(2−ஆல்பா) × (எடை 0 × கடைசித் திரிபு மாற்றம் + எடை 1 × அதற்கு முந்தைய மாற்றம் + …)

ந ஆவது எடை = (ந+1)^(1−ஆல்பா) − ந^(1−ஆல்பா). ஆல்பா 0.3க்கு எடைகள் 1, 0.6245, 0.5332, 0.4813 என்று மெதுவாக இறங்கும்.

நிரலைச் சரிபார்க்க மூன்று வழிகள். திரிபு = காலம் என்று வைத்து, ஆல்பா 0.5, காலம் 1இல் விடை 1.1284, இதை எல்1 துல்லியமாகவே தரும். திரிபு = காலத்தின் வர்க்கம் என்றால் 1.5045, படிநீளத்தைப் பாதியாக்கினால் பிழை ஏறக்குறைய 2.8இல் ஒரு பங்காக வேண்டும். மூன்றாவது, முழு மாதிரிக்கு 0.5 ஹெர்ட்ஸில் 10 சதவீத சைன் ஆட்டம். பழக்க எண்களுக்கு அந்த அதிர்வெண்ணில் சேமிப்பு 0.851, இழப்பு 0.128. ஒரு சுற்றில் தகைவு–திரிபு வரைபடம் வரையும் வளையத்தின் பரப்பு பை × இழப்பு × திரிபின் வர்க்கம், அதாவது கன மீட்டருக்கு 4.02 கிலோஜூல். முதல் சில சுற்றுகளில் தொடக்கக் குலுக்கம் இருக்கும், அவற்றை விட்டுவிட்டு அளவிடுங்கள்.

தொடக்க நிலையில் ஒரு பொறி உண்டு. கபூட்டோ வகையீட்டில் மாறாத திரிபின் வகையீடு பூஜ்யம், ரீமான்–லியூவில் வகையீட்டில் பூஜ்யம் அல்ல. பூஜ்யக் காலத்திலேயே பேரிங்கில் வெப்ப விரிவால் வந்த திரிபு இருக்குமானால், முதல் படியில் அதைத் திடீரென்று போடாதீர்கள். அதற்கு முந்தைய மெதுவான ஏற்றத்தையும் வரலாற்றில் சேர்த்துக் கணக்கைத் தொடங்குங்கள். நினைவுள்ள பொருளுக்கு முன்கதை முக்கியம்.

வரலாற்றை நடுவில் வெட்டிச் சுருக்கும் ஆசை வரும். எடைகள் மெதுவாக இறங்குவதால் வெட்டும் இடத்தில் பிழை தங்கிவிடும். 60 வினாடிப் பதிவுக்கு 0.005 வினாடி படிநீளம் என்றால் 12,000 படிகள். ஒரு பேரிங்கை ஒற்றைப் புள்ளியாக எடுத்தால் மடிக்கணினியே முழு வரலாற்றோடு செய்துவிடும்.

படி 7: பெரிய மாதிரிக்குக் கொண்டுபோதல்

ஃபைனைட் எலிமெண்ட் மாதிரியில் ஒரு லட்சம் புள்ளிகள், ஒவ்வொன்றிலும் ஆறு கூறுகள், 12,000 படிகள் என்றால் வரலாற்றைச் சேமிக்கவே 57 கிகாபைட்டுக்கு மேல். ஆகவே ஸ்பிரிங்பாட்டைப் புரோனி தொடராக மாற்ற வேண்டும். தொடக்கத்தில் வேண்டாம் என்ற அதே ஜோடிகள்தாம், ஆனால் இப்போது அவற்றைத் தேடிப் பொருத்த வேண்டியதில்லை. மூன்று எண்களிலிருந்து நேராக எழுதிவிடலாம்:

ஒவ்வொரு உறுப்பின் மாடுலஸ் = ப × சைன்(180° × ஆல்பா) ÷ பை × (நேர மாறிலி)^(−ஆல்பா) × இயல் லாக்(அடுத்தடுத்த நேர மாறிலிகளின் விகிதம்)

பத்து மடங்குக்கு இரண்டு உறுப்புகள் வையுங்கள். ஒன்று மட்டும் வைத்தால் டான் டெல்டா (இழப்பு ÷ சேமிப்பு) அலை அலையாக வரும். நம் எண்களுக்கு நேர மாறிலி 0.1, 1, 10 வினாடிகளில் மாடுலஸ் 0.118, 0.0593, 0.0297 மெகாபாஸ்கல். வீச்சின் இரு பக்கமும் குறைந்தது ஒரு பத்து மடங்கு நீட்டுங்கள். நீண்ட பக்கத்தில் அதற்கப்பாலும் வால் மிஞ்சும். 1000 வினாடியில் வெட்டினால் அந்த வால் 0.0216 மெகாபாஸ்கல், அதை மவோடு சேர்த்து 0.6216 ஆக்குங்கள்.

அபாக்கஸ் போன்ற ஃபைனைட் எலிமெண்ட் மென்பொருள்கள் ஒவ்வொரு உறுப்பையும் உடனடி மாடுலஸின் பங்காகக் கேட்கும். உடனடி மாடுலஸ் என்பது மவும் எல்லா உறுப்புகளும் கூட்டிய தொகை. நீண்டகால மாடுலஸால் வகுத்துக் கொடுத்தால் பங்குகளின் கூட்டுத்தொகை 1ஐத் தாண்டக்கூடும். தாண்டாவிட்டால் இன்னும் ஆபத்து, மென்பொருள் எச்சரிக்காமல் ஓடிவிடும். கொடுக்கும் மீள்மை மாறிலி உடனடியா நீண்டகாலமா என்று மென்பொருளில் தெரிவு செய்யும் இடத்தையும் பாருங்கள்.

ரப்பரை விட்டுத் தார்ப் பக்கம் போகிறவர்களுக்கு: படி 3 வரை எல்லாம் இதேதான். ஆனால் 60/70 ரகச் சாலைத் தாருக்கு ஒரு ஸ்பிரிங்பாட் போதாது. இரண்டு ஸ்பிரிங்பாட்டும் ஒரு டாஷ்பாட்டும் தொடராக வேண்டும். தார் கடைசியில் ஓடிவிடும், ரப்பர் ஓடாது.

பேரிங் மாதிரியை ஓட்டுவதற்கு முன், ஒரே ஓர் எலிமெண்டை எடுத்து 0.5 ஹெர்ட்ஸில் 10 சதவீதம் ஆட்டுங்கள். வளைய பரப்பு 4.02க்கு 2 சதவீதத்துக்குள் வராவிட்டால், நேர மாறிலிகளின் குறுகிய முனையை இன்னொரு பத்து மடங்கு நீட்டி மறுபடி ஓட்டுங்கள்.